ஆறாவது கோப்பையின் அடியில் ஈரம்

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்பியபோது என் பெட்டியில் ஆறு தேநீர்க் கோப்பைகள் இருந்தன. ஆறும் கையால் வனைந்தவை. ஆறும் இறந்துபோனவர்களுடையவை.

இதை நான் அம்மாவிடம் முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாது. துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோணலா இருக்குதே, இதுக்குப் போயி காசு குடுத்தியா?" என்று கேட்டாள். வாங்கவில்லை, அங்கே இருந்த பெரியவர்கள் டீ குடித்தது, அவர்கள் போன பிறகு எனக்குக் கொடுத்தார்கள் என்றேன். அம்மா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"செத்தவங்க வாய் வெச்ச பாத்திரத்த எவளாவது கடல் தாண்டித் தூக்கிக்கினு வருவாளா? உங்கப்பா படுத்த பாயையே சுடுகாட்டாண்ட போட்டுட்டு வந்தோம்."

கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த மர அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து ஆறையும் அடுக்கினேன். அன்றிலிருந்து அம்மா அந்த அலமாரிப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை. அதன் அடியில் சேரும் தூசியை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கூட்டினேன்.

அந்த இல்லத்தில் சேருகிறவர்கள் வீட்டிலிருந்து நிறைய சாமான் கொண்டுவர முடியாது. ஆனால் தங்கள் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவருவார்கள். கைப்பிடி இல்லாத, உயரமான மண் கோப்பை. யாருக்கு எந்தக் கோப்பை என்பதைத்தான் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டும். ஒருமுறை போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "ஏன், அவங்க கப்ப மத்தவங்க தொடக் கூடாதா?"

அம்மா சின்ன வயதில் நடவுக்கும் மல்லாட்டைக் கடலை ஆயவும் போன வீடுகளில் அவளுக்கென்று ஒரு அலுமினிய டம்ளர் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கவிழ்ந்திருக்கும். குடித்துவிட்டு அவளே கழுவி, அவளே கவிழ்த்து வைக்க வேண்டும். அது நினைவுக்கு வந்து கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அப்படி இல்லை, அவரவருக்குப் பிடித்தது, பல வருடம் பழகியது, அதனால் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

ஒருவர் இறந்தால் குடும்பத்தினர் வந்து படத்தையும் நல்ல துணிகளையும் எடுத்துப்போவார்கள். கோப்பை பெரும்பாலும் மிஞ்சும். கழிவுக்குப் போகும் அட்டைப் பெட்டியில் அதைப் போட எனக்குக் கை வரவில்லை. எங்கள் மாடிக்குப் பொறுப்பாக இருந்த அம்மாளிடம் கேட்டேன். எடுத்துக்கொள் என்றார். இப்படி ஐந்து சேர்ந்தன. அவற்றைப் பராமரிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். புதிதாக வரும் மண் கோப்பையை ஒருமுறை அரிசிக் கஞ்சியில் போட்டுச் சின்னத் தீயில் காய்ச்ச வேண்டும். டீ ஊற்றுவதற்கு முன் வெந்நீரில் நனைக்க வேண்டும். சோப்பு கூடாது. ஒன்றுக்குள் ஒன்று வைக்கக் கூடாது. கழுவினால் இரண்டு நாளாவது நிழலில் காயவிட வேண்டும். திண்டிவனத்தில் எங்கள் போர் தண்ணீர் பட்டால் வெள்ளையாக உப்புப் படியும் என்பதால் கேன் தண்ணீரில்தான் கழுவினேன். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கித் துடைப்பேன். குடிப்பதில்லை. அவற்றில் குடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறாவது கோப்பை மற்றவற்றைப் போல் இல்லை. குறைந்த சூட்டில் சுட்ட, இளகின மண். வெளிர் ரோஜா நிறம். மேல் மெருகு முழுக்க முடியிழை போல விரிசல்கள். அது உடைசல் இல்லை, அந்த வகைக் கோப்பையின் இயல்பு. டீ அந்த விரிசல்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கும். வருடங்கள் போகப் போகக் கோடுகள் கருக்கும். பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல் பதியும் அளவுக்குக் குழி.

ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருக்கும். விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்திருந்தேன். காலையில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ஐந்துக்குத் திரும்புவேன். ஒருநாள் திரும்பி வந்து அலமாரிப் பக்கம் போனபோது ஆறாவது கோப்பை லேசாக நகர்ந்திருந்தது போலத் தோன்றியது. எடுத்தேன். அது இருந்த இடத்தில், பலகையின் மேல், ஈரத்தால் வட்டமாக ஒரு கோடு.

அலமாரிக்கு மேலே ஒழுகல் இல்லை. மழைக்காலமும் இல்லை. துடைத்துவிட்டு வைத்தேன். ஒரு வாரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் அதே வட்டம். மற்ற ஐந்தின் அடியையும் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தன.

இரண்டு மூன்று மாதத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். கோப்பையின் உட்பக்கக் கோடுகள் கருத்துக்கொண்டு வந்தன. நான் கொண்டுவந்தபோது வைக்கோல் நிறத்தில் இருந்தவை காபிக்கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தன. யாரோ அதில் குடிக்கிறார்கள். வீட்டில் அம்மாவையும் என்னையும் தவிர யாருமில்லை. அம்மா அந்தப் பக்கமே போகாதவள்.

அது யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அந்தக் கோப்பைக்குச் சொந்தக்காரி தொண்ணூறு தாண்டிய கிழவி. பேசுவது குறைவு. கோப்பையைச் செய்தவர் அவள் கணவர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வனையக் கற்றுக்கொண்டாராம். "அவர் செய்ததில் தண்ணீர் நின்றது இது ஒன்றுதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். நாளெல்லாம் காலிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்தபடி இருப்பாள்.

ஒருநாள் மதியம் மூன்று மணி டீ நேரத்தில் இரண்டு பேர் விடுப்பு. நான் ஒருத்தியாக எட்டு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு "ஒச்சா" என்றாள். டீ கேட்கிறாள். நான் பக்கத்துக் கட்டிலில் நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பொறுங்கள்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். விரிப்பை மாற்றி, கையைக் கழுவி, குறிப்பேட்டில் எழுதி, வேறொருவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தேன். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். கேட்டது. திரும்பாமலே அதே வார்த்தையைச் சொன்னேன். டீயுடன் வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கோப்பை மடியில் இருந்தது. விரல் குழியிலேயே இருந்தது.

இதயம் நின்றுவிட்டது, டீ கொடுத்திருந்தாலும் போயிருப்பாள் என்றார் டாக்டர். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. நான் அவள் விரலை விலக்கிக் கோப்பையை எடுத்து என் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாலை ரயிலில் வந்த அவள் மகன், அறுபது வயதுக்காரர், அப்பா செய்த கோப்பை ஒன்று இருக்குமே என்று கேட்டார். பொறுப்பாளர் அம்மாள் எல்லா அலமாரியிலும் தேடினார். நானும் அவர்களுடன் சேர்ந்து தேடினேன். கோப்பை என் பையில் தொடையில் இடித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அந்த ஈர வட்டத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. கேட்ட டீயைக் குடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பயந்தேன். ஆனால் வட்டம் தெரியாத நாட்களில் இன்னும் பயந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போதெல்லாம் இன்று இருக்குமா, இருக்காதா என்று மனசு அடித்துக்கொள்ளும். இருந்தால் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, "குடிச்சீங்களா?" என்று அவள் மொழியில் மெல்லக் கேட்பேன். அம்மா சமையலறையில் இருப்பாள். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனது.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பாதி வேலையில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுப் படியேறும்போது மணி மூன்று இருக்கும். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"வெயிலு இன்னா போடு போடுது பாரு. உங்க ஊர்ல பனி கொட்டுமாமே. எம்பொண்ணு சொல்லிச்சு. இங்க இப்பிடித்தான். குடி, ஆறிடப் போவுது."

ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை. அதன் மேல் ஆறாவது கோப்பை. ஆவி பறந்துகொண்டிருந்தது. எதிரே அம்மா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா பண்றது. ஆறு பேர வீட்டுக்குக் கூட்டியாந்து வெச்சிக்கினு நீ பாட்டுக்கு டூட்டிக்குப் போயிடற. நான் தனியா இருக்கறேன். மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்பறம் நெனச்சேன், வந்தவங்களுக்கு ஒரு வா தண்ணி குடுக்காம எப்பிடி வெச்சிக்கறது. நாளைக்கு ஒருத்தர்னு முறை வெச்சிக் குடுக்கறேன். ஆறினதும் செடிக்கு ஊத்திட்டு, கேன் தண்ணில கழுவி, நீ பாக்கறதுக்குள்ள எடுத்து வெச்சிடுவேன்."

"பால் டீயா ஊத்தற?"

"பாலு, சக்கரை எல்லாம் போட்டுத்தான். வரடீயா குடுப்பாங்க விருந்தாளிக்கு?"

மற்ற ஐந்தும் கெட்டியாகச் சுட்டவை. கழுவித் துடைத்தால் ஈரம் நிற்காது. ஆறாவது மட்டும் குடித்ததை உள்ளே வைத்திருந்து அடிவழியாகக் கசியவிட்டிருக்கிறது. எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் அந்தக் கிழவி வரவேயில்லை. அவள் கேட்ட டீ அவளுக்குப் போய்ச் சேரவேயில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். அம்மா காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். விரலை விலக்கியதை, மகன் கேட்டதை, கூடச் சேர்ந்து தேடியதை.

அம்மா அவரைக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் புள்ள கேட்டப்ப நீ இல்லன்னு சொன்னியா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"அதுதான் இல்லன்னு சொல்றது."

கோப்பையைக் காட்டி, "குடுத்துடு" என்றாள்.

மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவது கடிதத்தைப் பொறுப்பாளர் அம்மாளுக்கு அனுப்பினேன். மகனிடம் சேர்க்கச் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் கழித்து மகனிடமிருந்து பதில் வந்தது. வீட்டுப் பூஜை மாடத்தில் தினமும் காலையில் அம்மாவுக்கு டீ வைக்கிறேன், இப்போது கடையில் வாங்கிய கோப்பையில், அவளுடையது கிடைத்தால் நல்லது என்று எழுதி முகவரி கொடுத்திருந்தார். கோபம் என்றும் எழுதவில்லை, கோபமில்லை என்றும் எழுதவில்லை. டீ வைக்கிற வரியை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அங்கயும் செத்தவங்களுக்கு டீ வெப்பாங்களா?" என்று கேட்டாள். பிறகு, "இது தெரியாம நான் ஒளிச்சி ஒளிச்சிக் குடுத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

ஈரம் முழுக்கப் போக ஐந்து நாள் காயவைத்தேன். அம்மா தன் பழைய நூல் புடவையைக் கிழித்துச் சுற்றினாள். வேலை முடிந்து வரும் வழியில் விழுப்புரம் தலைமைத் தபால் நிலையத்தில் அனுப்பினேன். உள்ளே என்ன என்று கேட்ட ஊழியரிடம் டீக் கோப்பை என்றேன். "புதுசா?" என்றார். "இல்லங்க, ஒருத்தவங்களோடது" என்றேன்.

சேர்ந்துவிட்டது என்று மகன் செய்தி அனுப்பினார். கூடவே ஒரு கேள்வி. கோடுகள் இவ்வளவு கருத்திருக்கின்றனவே, எந்த டீ ஊற்றினீர்கள்? என் அம்மா பாலும் சர்க்கரையும் போட்ட டீயை ஆறு நாளைக்கு ஒருமுறை உங்கள் அம்மாவுக்குக் கொடுத்தாள் என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "அம்மாவுக்கு இனிப்பு பிடிக்கும். அங்கே கொடுக்கவிடவில்லை."

அது உண்மை. சர்க்கரை வியாதி என்று அவளுக்கு நாங்கள் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை.

மன்னித்துவிட்டார் என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் யாராவது கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். அது இனி மாறாது.

இப்போது அம்மா ஒளிப்பதில்லை. எனக்கு விடுமுறை என்றால் நானும் பலகைக்கு எதிரே உட்காருகிறேன். மாலையில் கோப்பையை நிழலில் கவிழ்த்து வைப்பது என் வேலை. அன்றைய கோப்பை யாருடையது என்று அம்மா கேட்பாள். நான் சொல்வேன். இந்த நீலம் பள்ளிக்கூட வாத்தியாருடையது, எந்நேரமும் கணக்குப் போடுவார். இந்தக் கறுப்பு ஒரு மீன்காரம்மாவுடையது. அம்மா கேட்டுக்கொண்டு, அவர்களிடம் அதற்கேற்ற பேச்சைப் பேசுவாள். மீன்காரம்மாவிடம் மரக்காணத்துக் கருவாட்டைப் பற்றி.

போன மாதம்தான் சாம்பல் நிறக் கோப்பையின் முறை முதன்முதலாக என் விடுமுறை நாளில் வந்தது. யாருது என்று கேட்டாள். கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் போனார்கள். ஆணா பெண்ணா என்பதுகூட நினைவில் இல்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு கட்டில், சுருங்கிய போர்வை, மேலே முகம் இல்லை. பொறுப்பாளர் அம்மாளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவருக்கும் தெரியவில்லை என்று உடனே பதில் வந்தது.

அம்மா கோப்பையைப் பலகையில் வைத்தாள்.

"தெரியலியா?"

"தெரியலம்மா."

அவள் கோப்பையில் டீயை ஊற்றினாள். பிறகு தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிடக் கோப்பைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.