அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வீக்கம்

ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரின் பொது நீச்சல்குளத்தில், தண்ணீரில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்கள் குளிக்கும் கூடத்தில் தடுப்பு எதுவும் கிடையாது. பள்ளி ஆசிரியர் முதல் ரொட்டிக் கடைக்காரர் வரை பிறந்தமேனியாக நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மட்டும் கால்சட்டையோடு சுவரைப் பார்த்துக் குளிப்பேன். ஒருநாள் எப்படியோ துணிவு வந்து அதையும் கழற்றினேன். அன்றைக்கென்று பக்கத்தில் நின்ற பெரியவர் என் தொடையிடுக்கைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். கேலி செய்கிறார் என்று நினைத்துத் துண்டை இழுத்துக்கொண்டேன். அவரோ தன் அடிவயிற்றின் ஓரத்தில் இருந்த பழைய தழும்பைத் தொட்டுக் காட்டி, "டாக்டர், டாக்டர்" என்றார். தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் எனக்கு எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு இருந்தது. நின்றால் வரும், படுத்தால் மறையும். வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. சமயநல்லூர்ப் பக்கத்து ஆம்பளை அதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வான்?

மருத்துவர் ஒரு பெண். புடைப்பின்மேல் விரலை வைத்து, "ஹுஸ்டன் ஸீ பிட்டெ" என்றார். இருமல் இருக்கிறதா என்று கேட்கிறார் போல என எண்ணி, "இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்றேன். அவர் மறுபடியும் சொன்னார், நானும் மறுபடியும் இல்லை என்றேன். கடைசியில் அவரே இருமிக் காட்டினார். நான் இருமியதும் அவர் விரலுக்கடியில் அது துள்ளியது. "லைஸ்டன்புரூஹ்" என்றார். புரூஹ் என்றால் எலும்பு முறிவு என்றுதான் எனக்குத் தெரியும். "நான் எங்கும் விழவில்லையே" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் படம் வரைந்தார். குடலிறக்கம். ஆண் குழந்தை கருவில் இருக்கும்போது அதன் விதைகள் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி, பிறப்பதற்குள் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்குமாம். பிறகு அந்த வழி மூடிக்கொள்ளும். ஆனாலும் அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் இளகலாகவே இருக்கும். பாரம் தூக்கினால், நாள்பட இருமினால், மலச்சிக்கலில் முக்கினால், குடல் அங்கே எட்டிப் பார்க்கும். நான் பிறக்கும் முன்பே என் உடம்புக்குள் இப்படி ஒரு பயணம் நடந்திருக்கிறது என்பதை அந்நிய மொழியில் கேட்டு, அவர் வரைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு மாத்திரை கிடையாது, குடலை உள்ளே தள்ளி வலை வைத்துத் தைக்க வேண்டும் என்று சொல்லித் தேதி கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்: புடைப்பு உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இடையில் விடுமுறைக்கு ஊர் வந்தேன். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், செல்வம். வாழையும் நெல்லும் போடுகிறவன். நான் வந்த சில நாளில், காலையில் கிணற்று மோட்டாரைத் தூக்கி டிராக்டரில் வைத்தவன், வீட்டுக்கு வந்து கட்டிலில் சுருண்டுவிட்டான். மதினி பாக்கியம் விளக்கெண்ணெயோடு நின்றாள்.

"வாயுப் புடிப்புடா தம்பி. செத்த நேரத்துல சரியாப் போயிரும்" என்றவன், அடுத்த நொடி கட்டில் ஓரத்தில் வாந்தி எடுத்தான். ஒரு கை மட்டும் வேட்டிமேல், அந்த இடத்தில் இருந்தது.

"கைய எடுண்ணே."

"போடா அங்கிட்டு."

"எனக்கும் அதே எடத்துல இருக்குண்ணே."

என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் கையை எடுத்தான். தொட்டால் கல் மாதிரி இருந்தது.

"எம்புட்டு நாளா?"

"நீ வெளிநாடு போறதுக்கு முன்னாடியே இருக்கு. அமுக்குனா உள்ள போயிரும். இன்னைக்குப் போக மாட்டேங்குது."

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே இந்த மனுசன்" என்று எண்ணெயை ஊற்றி நீவப் போன மதினியைத் தடுத்தேன். "அமுக்கக் கூடாது மதினி. வண்டிய வரச் சொல்லுங்க."

கோரிப்பாளையம் சந்திப்பு நெரிசலில் கார் நின்றுவிட்டது. மதினி கண்ணாடியை இறக்கி, "உசுருய்யா, வழி விடுங்கய்யா!" என்று கத்தினாள். அத்தர்க் கடையிலிருந்து ஓடிவந்த ஒருவர் இரண்டு கையையும் விரித்து நடுரோட்டில் நின்று பஸ்ஸையே நிறுத்தினார். "போங்கண்ணே, அல்லா காப்பாத்துவான்" என்று அவர் சொன்னது காதில் விழுவதற்குள் நாங்கள் தாண்டிவிட்டோம்.

கே.கே. நகரில் ஒரு சிறிய மருத்துவமனை. உடனே உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து அறுவை மருத்துவர் வெளியே வந்து, முகமூடியை இறக்கிவிட்டு எங்கள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"ஒரு சாண் குடல் கறுத்துப் போயிருந்துச்சு. இறுக்கத்தத் தளத்திவிட்டு, வெதுவெதுப்பா உப்புத்தண்ணித் துணியப் போட்டு மூடிட்டுக் காத்திருந்தோம்."

"காத்திருந்தீங்களா?"

"அந்த நேரத்துல நம்ம கையில வேற ஒன்னும் இல்ல சார். துணிய எடுத்துப் பாத்தா ஓரத்துலருந்து செவக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அப்புறம் தானா நெளிஞ்சுச்சு. எத்தன தடவ பாத்தாலும் எனக்குப் புல்லரிக்கும். இன்னும் லேட்டாயிருந்தா வெட்டித்தேன் எடுத்திருக்கணும்."

தினமும் வயிற்றைத் திறந்து பார்க்கிற மனிதர் புல்லரிக்கும் என்று சொன்னபோது எனக்குக் கண் நிறைந்தது. கறுத்த குடல் எவரும் தள்ளாமல், எவரும் ஊதாமல், ரத்தம் திரும்பி வந்ததும் சிவந்துகொள்கிறது. இந்த அதிசயம் அண்ணனின் வேட்டிக்கடியில் இத்தனை காலம் வெட்கத்தோடு ஒளிந்திருந்திருக்கிறது.

அவனைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களில் இருவர் என்னைத் தனியாக மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனார்கள். "மாப்ள, எனக்கும் அங்கன ஒன்னு இருக்கு" என்று ஒருவர் குரலே வராமல் சொன்னார். இருவரையும் அதே மருத்துவரிடம் காட்டினேன். ஒருவருக்குக் கால் புண்ணால் நெறி கட்டியிருந்தது, மருந்திலேயே அடங்கிவிட்டது. மற்றவருக்கு விதைப்பையில் நீர். எல்லா வீக்கமும் ஒன்றல்ல என்றும், தொட்டுப் பார்க்கிறவரிடம் காட்டினால்தான் தெரியும் என்றும் மருத்துவர் சொன்னார். நீச்சல்குளத்துப் பெரியவரை நினைத்துக்கொண்டேன். அவர் ஊரில் யாரோ ஒருவர் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். எங்கள் ஊரில் ஒருவனுக்கு உயிர் போகும் நிலை வந்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தார்கள்.

"இங்கயே பண்ணிருடா. நான் பக்கத்துல இருப்பேன்ல" என்றான் அண்ணன். விடுப்பு முடிந்துவிட்டது, அங்கே தேதி குறித்தாகிவிட்டது என்றேன். "கண்ணு முழிக்கிறப்ப அங்க யாரு இருப்பா?" என்று கேட்டான். நான் அங்கே தனிக்கட்டை.

விமான நிலையத்துக்கு அவனும் பிடிவாதமாக வந்தான். காரிலிருந்து பெட்டியை இறக்க வேண்டும். அவனும் தூக்கக் கூடாது, நானும் தூக்கக் கூடாது. பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக நின்றோம். "நல்லா நிக்கிறீங்க ரெண்டு ஆம்பளைங்க" என்று மதினி ஒரே மூச்சில் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுக்க, அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

உள்ளே போய்க் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையை ஆட்டினான். கையாட்டும்போது எனக்கு இருமல் வந்தது. என் கையும் தானாகவே அங்கே போனது. அவனுடையதைத் தைத்துவிட்டார்கள், என்னுடையது இன்னும் திறந்தே இருந்தது.