பொரி இடும் கை

கீழ்க்கட்டளையில் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் எட்டாம் வகுப்புப் படிப்பும் பல ஊர்ப் பழக்கமும்தான் இருந்தன. லாரி கிளீனர், பரோட்டா கடை, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுவது என்று எதிலும் நிலைத்து நின்றதில்லை. மூட்டை தூக்கியவன் ஆளையும் தூக்குவான் என்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தூக்க வேண்டிய ஆளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பிறக்கும்போதே வந்த மூளை முடக்குவாதம். அறிவு கத்தி மாதிரி இருக்கும். கைகால்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, சோறு ஊட்டுவது எல்லாம் என் வேலை. இடுப்பு வலி சீக்கிரமே வந்து சேர்ந்தது. நாற்றம் கொஞ்ச நாளில் தெரியாமல் போனது. அவனோடு பேசிக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியாது என்பதால் அந்த வேலையில் தங்கிவிட்டேன்.

அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தாலி கட்டி முடிந்ததும் ஓம குண்டத்தின் முன்னால் பெண்ணின் கூடப்பிறந்தவன் பொரியை அள்ளி அவள் கையில் இட வேண்டும். அவள் அதை நெருப்பில் சேர்ப்பாள். மூன்று முறை. அந்தப் பொரியை இடுவதற்குப் பெரியப்பா மகனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். கூடப்பிறந்தவனான இவனிடம் யாரும் சொல்லவில்லை. பத்திரிகை வாங்கிப்போக வந்த உறவுக்காரர் யாரோ வாய்தவறிச் சொன்னபோது தெரிந்துகொண்டான்.

மறுநாள் நான் சவரம் செய்துவிடும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்.

“அண்ணா, நான் செத்…துட்டேனா?”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் அப்பாவிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர்.

“நெருப்புப் பக்கத்துல அவன் கை வீசினா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க.”

“பழக்கிப் பாக்குறேன் சார். சரியா வரலைன்னா உங்க அண்ணன் புள்ளையே போடட்டும்.”

“கல்யாணத்துக்கு முந்தின நாள் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றார்.

கடையிலிருந்து ஒரு பை பொரி வாங்கிவந்தேன். முதல் நாள் வீடெல்லாம் வெள்ளை. பொரிக்கு எடையே இல்லை. கை ஒரு துள்ளு துள்ளினால் போதும், காற்றில் போய்விடும். அந்தக் கை எப்போது துள்ளும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். திடீரென்று சத்தம் கேட்டால் துள்ளும். யாராவது முழங்கையைத் தொட்டால் துள்ளும். “பாத்து, மெதுவா” என்று சொன்னாலே துள்ளும். அதனால் முழங்கையைச் சக்கர நாற்காலியின் கையோடு அழுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன். மணிக்கட்டில் சின்ன மணல் பை ஒன்றைக் கட்டிவிட்டேன். கனம் இருந்தால் நடுக்கம் அடங்கும்.

வீட்டுக்குள் கை சொன்னபடி கேட்க ஆரம்பித்ததும் சத்தத்துக்குப் பழக்க பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன். ஹாரன், விசில், கண்டக்டர் கத்தல். நான் இரண்டு கையையும் குவித்து அவன் முன்னால் குனிந்து நிற்பேன். அவன் பொரி போடுவான். ஒரு நாள் ஒரு அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, எங்களை உற்றுப் பார்த்துவிட்டு, அவன் மடியிலிருந்த பொரிக்குள் காசு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

“அண்ணா, வியா…பாரம் ஆவுது” என்றான்.

“உன் மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி. கைய நேரா வை.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் மேற்குத் தாம்பரம் மண்டபத்தில் அப்பா வந்து நின்று பார்த்தார். முதல் கை அழகாக விழுந்தது. இரண்டாவதை அவன் எடுக்கும்போது சமையல்கட்டில் யாரோ அண்டாவைக் கீழே போட்டார்கள். பொரி மொத்தமும் தரையில். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அண்ணன் பையனும் பக்கத்துல நிக்கட்டும்” என்றார்.

மறுநாள் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவனை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள். ஓம குண்டத்திலிருந்து தள்ளி நிறுத்திப் பிரேக் போட்டேன். மணல் பை மேல் மஞ்சள் துணி சுற்றியிருந்தேன். அன்றைக்கு என் வேலை அவனுக்கு உதவுவது இல்லை. உதவ வருகிறவர்களைத் தடுப்பது. அவன் பின்னால் காவல்காரன் மாதிரி நின்றேன்.

கெட்டி மேளம் முழங்கித் தாலி ஏறியது. கை இரண்டு முறை துள்ளி அடங்கியது. தங்கை எழுந்து வந்து அவன் முன்னால் கையைக் குவித்தாள். பின்னாலிருந்து மாப்பிள்ளை அவள் கைகளைத் தாங்கிக்கொண்டார். பெரியப்பா மகன் பொரித் தட்டை அவன் பக்கம் நீட்டினான். அவன் அள்ளினான். அந்த நேரம் பார்த்துத் தாய்மாமா பாசத்தோடு குனிந்து அவன் முழங்கையைப் பிடித்துவிட்டார். கை விசிறியது. பொரி பாதி அவள் கையிலும் பாதி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலும் விழுந்தது.

“மச்சான், எனக்கு அப்புறமா போடலாம். முதல்ல இவளுக்குப் போடு” என்றார் மாப்பிள்ளை.

மாமாவைத் தோளோடு அணைத்து ஓரமாகக் கொண்டுபோனேன். “தொடாதீங்க சார். தொட்டீங்கன்னா உங்க மேலயும் விழும்.”

சாஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரமாறது. பக்கத்துல நிக்கற பிள்ளையாண்டான் போட்டுடட்டும்.”

பெரியப்பா மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. தன் மகனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை கையில் விழுந்த பாதியை நெருப்பில் சேர்த்துவிட்டு வந்து மறுபடியும் கையைக் குவித்து நின்றாள். “எங்க அண்ணன் போடுவான் சாமி. நான் நிக்கிறேன்” என்றாள்.

அவன் முழங்கையை நாற்காலியோடு அழுத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. கை மெதுவாகத் தட்டுக்குப் போய், அள்ளி, ஆடி ஆடி வந்து, அவள் விரல்களுக்கு மேல் நின்றது. திறந்தது. ஒரு பொரிகூட வெளியே விழவில்லை. மூன்றாவது முறை அள்ளியது இன்னும் நிறைய. நெருப்பு பொரியை வாங்கிப் படபடவென்று எரிந்தது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லாரும் எழப் பார்த்தார்கள். அவன் மட்டும் கையை மாப்பிள்ளை முன்னால் நீட்டியபடி இருந்தான்.

“என்ன மச்சான்?”

“பொரி போட்ட…வனுக்கு வேட்டி குடுக்க…ணும். எங்க?”

மண்டபமே சிரித்தது. பெரியப்பா மகனுக்கு என்று எடுத்துவைத்திருந்த ஜரிகை வேட்டியை மாப்பிள்ளையே கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார். உடனே கட்டிவிடு என்று அவன் என்னிடம் ஒரே பிடிவாதம். அறைக்குள் தள்ளிக்கொண்டு போய், தூக்கி நிறுத்தி, என் மேல் சாய்த்துக்கொண்டு கட்டினேன்.

“லூசா கட்டு…ண்ணா” என்றான். “இன்னும் பந்தி இருக்கு.”