மண்டபத்துக்குக் கீழே ஒரு கோடு

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் லோடு ஆட்டோவில் ஏற்றும் சாமான்களைக் குறித்துக்கொள்ளத்தான். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன். பிழைகளைத் திருத்தித் தருவதாக மகள் சொல்லியிருக்கிறாள்.

அந்த மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு அளவு நாடாவின் நுனி. மஞ்சள் நாடா, முனையில் சின்ன இரும்புக் கொக்கி. குகை இருட்டில் அந்தக் கொக்கியைப் பாறையில் அழுத்திப் பிடித்தபடி நிற்பேன். மறுபக்கம் தலை விளக்கோடு மேடம் நிற்பார். அவர் இழுக்கும்போது நாடா விறைத்து என் விரலில் ஒரு சிறு அதிர்வு வரும். இந்த அம்மா உண்மையில் யாருக்காக அளக்கிறார் என்று அப்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன். நாடா பிடிக்கத்தான் மேடம் என்னைக் கூப்பிட்டார். ஆனால் ஊர் என்னை அனுப்பியது வேவு பார்க்க.

எங்கள் ஊர் தேரிச் செம்மண் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. கரையில் மணலும் சிப்பியும் இறுகிப் பாறையாகிப் போன ஒரு மேடு. மேட்டின் மேல் அம்மன் கோயில். அதன் அடியில் கடலைப் பார்த்த வாய் உள்ள குகை. கோயிலுக்குக் கிழக்கே இருந்த வெறுந்தரையில் மண்டபம் கட்டுவதென்று அப்போது ஊரில் முடிவாகியிருந்தது. ஆடியில் வரும் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வைக்க, கல்யாணம் நடத்த, மழைக்கு ஒதுங்க எல்லாவற்றுக்கும் ஒரே மண்டபம். அதில் நடக்கும் முதல் கல்யாணம் என் மகளுடையது என்று தர்மகர்த்தா அண்ணாச்சி சபையில் சொல்லியிருந்தார். கூச்சத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த நேரத்தில்தான் மேடம் வந்தார். துறைமுகத்தில் கப்பல் வரும் பாதையின் ஆழம் அளக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரையோரக் குகைகளைச் சொந்த ஆசையில் அளந்து படம் போடுவதாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு ரிசார்ட்டுக்காரன் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. சொந்த ஆசை என்ற பேச்சை யார் நம்புவார்கள்?

டீக்கடையில் வைத்துத் தர்மகர்த்தா நேராகவே கேட்டார். "எந்தக் கம்பெனிக்கும்மா அளக்கிய?"

"கம்பெனி ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. குகையை அளந்து போட்டா படம் வரைஞ்சு குடுக்கிற சாப்ட்வேர் இருக்கு. குகைக்குள்ள போறவங்களே சேர்ந்து எழுதினது. காசு கிடையாது. அது எப்படி வேலை செய்யுதுன்னு யார் வேணும்னாலும் திறந்து பாக்கலாம், திருத்தலாம்."

"காசில்லாம ஒருத்தன் தாரான்னா, வேற எங்கனயோ எடுக்கான்னு அர்த்தம்" என்றார் தர்மகர்த்தா. கடைக்காரர் உடனே, "அப்ப என் கடையில நீரு குடிக்கிற டீயும் அப்படித்தானா அண்ணாச்சி?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். தர்மகர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. மேடம் போனதும் என் தோளில் கை வைத்தார். "ஏலே, சாமான் தூக்க உன்னைத்தான் கேட்டிருக்கா. கூடவே போ. என்ன செய்யுதா, யாருகிட்ட பேசுதான்னு பாத்து வந்து சொல்லு."

போனேன். குகைக்குள் ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு நாடா பிடிப்போம். திசைகாட்டியில் திசை பார்ப்பார். தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று இன்னொரு சின்னக் கருவியில் பார்ப்பார். அந்த எண்களை வெளியே வந்து லேப்டாப்பில் போட்டால் திரையில் கோடு கோடாகக் குகை வளரும். வானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படத்தின் மேல் அந்தக் கோட்டை வைத்தும் காட்டுவார்.

உள்ளே பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். சுற்றி அளந்து வந்தால் தொடங்கிய இடத்திலேயே கோடு முடிய வேண்டும். அன்று முடியவில்லை. திரையில் இரண்டு நுனியும் விலகி நின்றன. "என் தப்பு. திசையைத் தப்பாப் படிச்சிருக்கேன்" என்று அவரே சொன்னார். மறுநாள் அந்த இடத்தைத் திரும்ப அளந்தோம். கோடு சேர்ந்தது. எனக்கு அதுவும் சந்தேகமாகத்தான் பட்டது. இஷ்டத்துக்குக் கோட்டை இழுத்து ஒட்டலாம் என்றால், குகையை எந்தப் பக்கமும் வளைக்கலாமே? தைரியத்தைக் கூட்டிக் கேட்டுவிட்டேன்.

"ஒட்டலாம் தம்பி" என்றார். "ஆனா ஒட்டினதும் தெரியும். முதல்ல அளந்த எண்ணும் அழியாமக் கிடக்கும். நீங்க என்னைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க? நல்லாப் பாருங்க."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கடைசி அறை வரை அளந்து முடித்த அன்று அவர் சிரிக்கவில்லை. திரையில் குகைக் கோடு கோயிலைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது. மண்டபம் வரப்போகும் தரைக்கு நேர் கீழே அந்த அறை. மேலே பாறையின் கனம் என் உயரம்கூட இல்லை. "அங்க ஜனம் உக்காரக் கூடாது தம்பி. தூண் போடவே கூடாது" என்றார். என் மகள் அங்கே மணவறையில் உட்காரப்போகிறாள் என்று நான் சொல்லவில்லை. இந்த அம்மா தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஊர் கொதித்தது. "நம்ம இடத்தைக் காலி பண்ண வச்சு ரிசார்ட்டுக்காரனுக்குக் குடுக்க வழி பாக்குதா" என்றார்கள். போதாக்குறைக்கு அந்த வாரமே ரிசார்ட் மேனேஜரோடு அவர் நின்று பேசியதை நானே பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதுதானே என் வேலை? சொன்னேன். தர்மகர்த்தா கேட்டதற்கு மேடம் மறைக்கவே இல்லை. "படத்தைக் கேட்டாங்க, குடுத்தேன். உங்களுக்கும் குடுத்திருக்கேன். யார் கேட்டாலும் குடுப்பேன்." எங்களுக்கு அது விளங்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்கிறவர் யார் பக்கம்?

அப்போதுதான் தர்மகர்த்தா ஒரு சோதனை வைத்தார். கொடைக்கு அடிக்கும் மேளக்காரரை வரவழைத்தார். மேட்டில் மூன்று இடங்களில் நின்று அவர் தவில் அடிக்க வேண்டும். மண்டபத்துக்கான இடம் அதில் ஒன்று. எந்த வரிசையில் அடிப்பது என்பதை நாங்கள் உள்ளே போன பிறகுதான் தர்மகர்த்தா சொல்வார். நானும் அவர் மச்சினரும் கடைசி அறையில் இருந்து கேட்க வேண்டும். மேடம் டீக்கடைப் பெஞ்சில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் போனைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பாதி வழியில் வௌவால்கள் கலைந்து பறந்தன. மச்சினர், "நீ போயிட்டு வாலே, இங்கன நின்னாலே எனக்குக் கேக்கும்" என்று நின்றுவிட்டார். நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். முதல் முறை மேளம் எங்கோ பக்கத்து ஊரில் அடிப்பது போலக் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இரண்டாவது முறை சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சுக்கு வந்தது. தலைக்கு மேல் பாறை உறுமியது. பிடரியில் மணல் பொலபொலவென்று கொட்டியது. எழுந்து ஓட நினைத்தேன். இன்னும் ஒரு முறை பாக்கி இருந்ததால் உட்கார்ந்தேன். மூன்றாவது முறை மறுபடி தூரத்துச் சத்தம்.

வெளியே வந்து, "ரெண்டாவது தடவை" என்றேன். மேளக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டாவதுதான் மண்டபத்து இடம்" என்றார்.

தர்மகர்த்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ சொல்லிக் குடுத்திருப்பா. நீ விலை போயிட்டலே" என்றார்.

வரிசை தெரியாமல் எப்படிச் சொல்லிக் கொடுக்க முடியும்? கேட்டிருக்கலாம். கழுத்தில் ஒட்டியிருந்த மணலையாவது காட்டியிருக்கலாம். வாய் வரவில்லை. மச்சினர் தரையைப் பார்த்தபடி நின்றார். போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகும்போது மேடம், "நீங்க கேட்டதைச் சொல்லிட்டீங்க தம்பி. அது போதும்" என்றார். பிறகு அவர் எங்கள் ஊருக்கு வரவில்லை.

அஸ்திவாரத்தை அகலமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது என்று யாரோ ஒரு கான்ட்ராக்டர் சொல்ல, மண்டபம் அங்கேயேதான் எழும்பியது. மகள் கல்யாணத்தை நான் சாத்தான்குளத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தேன். ஊரில் பாதிப் பேர் வரவில்லை. அம்மன் காலடியில் நடக்க வேண்டியதை எவளோ சொன்னாள் என்று மாற்றிவிட்டேன் என்று இன்றும் பேசுகிறார்கள்.

மண்டபம் இதுவரை இடியவில்லை. இடியவும் வேண்டாம், நான் சொன்னது சரி என்று ஆவதற்காக ஒரு பிள்ளை அடிபட வேண்டாம். மேடத்தை முழுதாக நம்பினேன் என்றும் என்னால் சொல்ல முடியாது. ரிசார்ட்டுக்காரன் அந்தப் படத்தை எதற்கு வாங்கினான் என்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது. படத்தோடு சேர்த்து அவர் ஊருக்குக் கொடுத்திருந்த எண்களை மகள் தன் லேப்டாப்பில், அதே காசில்லாத சாப்ட்வேரில் திறந்து காட்டினாள். கோடு அதே இடத்தில்தான் போகிறது. ஊரில் வேறு யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆடிக் கொடைக்கு மேளக்காரர்கள் வந்து மண்டபத்துக்குள் தவிலை இறக்கினார்கள். தர்மகர்த்தா வேகமாக வந்தார். "உள்ள அடிச்சா எரைச்சலா இருக்கு. வெளிய, மேற்கால போய் அடிங்கல" என்றார். பந்தல் இல்லாத வெயிலில் ஏன் என்று ஒருவர் முனகினார். "சொன்னதைச் செய்யிலே" என்று அதட்டிவிட்டுத் திரும்பியவர், தூண் ஓரம் நின்ற என்னைப் பார்த்தார். மண்டபத்துக்குள் விளையாடிக்கொண்டிருந்த தன் பேரனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

எழுதி முடித்தது: ஆவணி பதினொன்று.