டோக்கன் அக்கா எழுதிய முடிவு

ஜனவரி 20. தபால் செலவு 38.
மார்ச் 11. தபால் செலவு 38.
மே 6. தபால் செலவு 52.

மூன்றும் ஒரே கதைக்கு. மூன்றாம் முறை தொகை ஏறியதற்குத் தபால்காரர்கள் காரணமல்ல, கதை பெருத்துவிட்டது.

எழுதியவருக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. வருகிறவர்களுக்கு அவர் டோக்கன் அக்கா. "பதினாலு உள்ள போங்க. பதினஞ்சு, கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா வலி போயிடுமா? உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, பழைய டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுவார். உள்ளே பல் துளைக்கும் மெஷின் ஓடினால்தான் அவருக்குப் பேனா ஓடும். மெஷின் நின்றால் வாக்கியமும் பாதியில் நின்றுவிடும். நாற்பத்தாறு வயதில் தொற்றிய பழக்கம், ஏழு ஆண்டாகிறது.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் சிறுவர் பகுதியில் கதை எழுதப் பழகுகிறவர்கள் கூடுகிறார்கள். கட்டணம் கிடையாது. எழுத்துக்கலைப் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. இதழ்களின் முகவரிகளை நூலகர் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியிருக்கிறார். நாற்காலிகள்தான் குழந்தைகளுக்கானவை, எல்லோரும் முழங்காலில் தாடை இடிக்க உட்கார வேண்டும். விதி ஒன்றே ஒன்று: படித்தவர்கள் கருத்துச் சொல்லும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அக்காவுக்கு அது ஆகாத காரியம். அதனால் மருத்துவமனைப் பஞ்சுச் சுருள் ஒன்றை, பல் பிடுங்கியவரைப் போலக் கடைவாயில் கடித்துக்கொண்டு இருப்பார்.

கதை இதுதான். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுப் போன அப்பா, பல ஆண்டுகள் கழித்துச் சாகக் கிடக்கிறார். மகளுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். மகள் வாளி வாளியாகத் துணி துவைக்கிறாள். போகவில்லை. எட்டுப் பக்கம்.

"பெத்த அப்பன்மா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமே" என்றார் குழுவிலிருந்த டாக்ஸி ஓட்டுநர். அக்கா பஞ்சைக் கடித்தபடி குறித்துக்கொண்டார். மகள் போனாள். முதல் தபால்.

திரும்பி வந்தது. "போனா போதுமா? ரெண்டு வார்த்தை பேச வேணாமா?" என்றார் பேக்கரிக்காரர். மகள் பேசினாள். இரண்டாம் தபால். அதுவும் வந்த வழியே திரும்பியது. கணக்கு டீச்சருக்கோ, அப்பா ஏன் ஓடினார் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே அப்பாவுக்கு ஒரு நியாயம், நியாயத்துக்கு ஒரு முன்கதை, முன்கதையில் ஒரு பெருமழை. ஐம்பத்திரண்டு. குழுவில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யார் சொல்லையும் தட்டத் தெரியாத அக்காவின் கதைதான் சந்தைக்கடை ஆகிவிட்டது.

மூன்றாம் முறையும் திரும்பிய அன்று, அக்காவின் நாத்தனார் மடித்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். வீட்டில் அக்காவின் எழுத்தைப் படிப்பவர் அவர் ஒருவரே.

"அண்ணி, இது யாரு கதை?"

"என்னோடதுதான். வேற யாரோடது?"

"உங்களோடதுன்னா, நீங்க போகலையே. ஆள் வந்து சொல்லிட்டுப் போன அன்னிக்கு வீட்டுத் துணி பூரா துவைச்சீங்க. நான்தானே கொடியில போட்டேன்?"

அக்கா ஒதுக்கி வைத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"போகலன்னு எழுதினா நாலு பேர் ஏதாவது சொல்வாங்கன்னு பயமா?"

"நாலு பேர் கெடக்கறாங்க. எனக்கே படிக்க பயமா இருக்குடி."

"அப்ப அதத்தான் எழுதணும். இதுல அழுதுக்கிட்டு நிக்கறவ யாரோ சீரியல்காரி."

அடுத்த சனிக்கிழமை டாக்ஸி ஓட்டுநர், "கடைசியில அவ அப்பன் கையப் பிடிச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அக்கா பஞ்சை வெளியே எடுத்தார்.

"அவ போகல. போனதா எழுதினா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

விதி உடைந்தது. குட்டி நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"சரிம்மா" என்றார் பேக்கரிக்காரர் கடைசியில். "அப்ப அந்த மழையையும் எடுத்துடுங்க. எனக்கு அப்பவே ஜலதோஷம் பிடிச்சிடுச்சு."

"அது நான் சொன்ன மழை" என்றார் கணக்கு டீச்சர்.

கதை மறுபடி எட்டுப் பக்கமானது. சுவரில் இருந்த பட்டியலில் அடுத்த இதழுக்குப் போனது. பதில் வந்தது: கதை பிடித்திருக்கிறது, மகள் கடைசியில் புறப்படுவதாக ஒரு வரி சேர்த்தால் வெளியிடலாம். ஏழு ஆண்டில் "பிடித்திருக்கிறது" என்று ஓர் இதழ் எழுதியது அதுதான் முதல் தடவை.

நாத்தனாருக்கே மனம் தள்ளாடியது. "ஒரே ஒரு வரிதானே அண்ணி. பேரு அச்சுல வரும்."

"அந்த ஒரு வரியிலதான் நான் மறுபடி சீரியல்காரி ஆயிடுவேன்."

அஞ்சலட்டையில் "அவள் புறப்படவில்லை" என்று மட்டும் எழுதி, பெயர் போட்டு, அக்கா தாமே தபால் பெட்டி வரை நடந்தார். போட்ட பிறகும் நகரவில்லை. பெட்டியின் வாய்க்குள் மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினார். எதுவும் தட்டுப்படவில்லை. கையை உதறிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மேசையில் புதுக் கதை ஒன்று மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது, எட்டுப் பக்கங்களும் அந்த இதழின் கடைசிக் கடிதமும் ஒரே உறையில் திரும்பி வந்தன. செப்டம்பர் 18.