சபர் மாதத்தில் முடிந்த பெர்மிட்

பெரியபட்டினத்துச் சீனி இபுறாகீம் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தான். சிலோன் சர்க்கார் கொடுத்திருந்த தற்காலிக பெர்மிட் 1954 அக்டோபர் இருபத்தெட்டோடு முடிகிறது. அதற்குள் திரும்பினால்தான் புதுப்பிப்பார்கள். ஆனால் அக்காள் நிக்காஹுக்கு வந்தவனைச் சபர் மாதம் பிடித்துக்கொண்டது.

“சபரு பீடை மாசம், கடல் தாண்டக் கூடாது வாப்பா. அடுத்த பிறை தெரியட்டும், போ” என்றாள் உம்மா.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் பிறை தெரிந்திருந்தால் மறுநாளே போயிருப்பான். பாழாய்ப்போன மேகம் வானத்தை மூடிக்கொண்டது. சபருக்கு இன்னொரு நாள் கூடியது.

இருபத்தொன்பதாம் தேதி, சிலோன் போகிறவர்களைச் சோதித்து அனுப்பும் மண்டபம் முகாமில் அதிகாரி காகிதத்தைப் புரட்டினார்.

“நேத்தோட முடிஞ்சிருச்சே தம்பி.”

அவன் பிறையையும் மேகத்தையும் விளக்கினான். அவருக்கு விளங்கவில்லை, சொல்லச் சொல்ல அவனுக்கே விளங்காமல் போனது.

திரும்பி வந்தவனை உம்மா கட்டிக்கொண்டு அழுதாள். “பாத்தியா, சபரு போற போக்குல உன் படிப்பைக் கொண்டு போயிருச்சு. கப்பல் ஏறியிருந்தா உன்னையில்ல கொண்டு போயிருக்கும்!”

இப்போது ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. சபர் மாதத்தில் இபுறாகீம் கொள்முதலுக்கு மதுரைக்குக்கூடப் போவதில்லை.