சந்தனம் பூசிய ஹெட்லைட்

எங்கள் ஊருக்கு மாவட்டம் என்று ஒரு பட்டத்தைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே வேண்டாம் என்று மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட காலம் அது. அரியலூரைப் பற்றி அரசாங்கமே ஒரு முடிவுக்கு வர முடியாமல் இருந்தபோது, நான் மட்டும் ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி எதிர்பார்த்தாள்.

அவளுக்கு அரசாங்க நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. விக்கிரமங்கலத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையம். போவதற்கு பஸ் இருந்தது, திரும்புவதற்குத்தான் இல்லை. டூட்டி முடிவது எட்டு மணிக்கு. கடைசி பஸ் அதற்குள் அரியலூர் வந்து சேர்ந்து, டிரைவர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்.

"நீங்க கார எடுத்துட்டு வந்து கூட்டிக்கிட்டு வரதா இருந்தா நான் சேந்துடறேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள்.

சண்டைக்குரலில் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, விஷயத்தை வேறு எங்காவது கொண்டுபோய் விட்டிருப்பேன். அவளோ அந்த உத்தரவை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். தனியார் ஆஸ்பத்திரிகளில் கால் கடுக்க நின்று, இந்த ஒரு காகிதத்துக்காக அவள் வருடக்கணக்கில் காத்திருந்தது எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தேன். ஒரு டாக்டர் ஓட்டி, அவரிடமிருந்து ஒரு வாத்தியார் வாங்கி ஓட்டி, இரண்டு பேருக்கும் சலித்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்த வெள்ளைக் கார் ஒன்றும் வைத்திருந்தேன். பகலில் நான் ஓட்டுவதைப் பார்த்தால் யாரும் நம்பி ஏறுவார்கள். பொழுது சாய்ந்தால் மட்டும் வண்டி ஷெட்டில் இருக்கும். திருச்சியில் சாயங்கால ரிசப்ஷன் என்றால், மாப்பிள்ளை மேடை ஏறும் முன்பே மொய்க் கவரை யாரிடமாவது திணித்துவிட்டு, வெளிச்சத்தோடு வீடு திரும்பிவிடுவேன். கூட்டத்துக்கு முன்னால் போய் வருவதுதான் மரியாதை என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். எனக்கு இருட்டில் ஓட்டப் பயம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானே சொல்லாதபோது அவர்கள் ஏன் சொல்லப்போகிறார்கள்?

"தாராளமா வரேன். ஆனா நம்ம வண்டில லைட்டு பத்தாது" என்றேன்.

"பத்துதா பத்தலயான்னு இன்னிக்கே போயிப் பாத்துட்டு வந்துடலாம், வாங்க."

ஏழு மணிக்குக் கிளம்பினோம். லைட்டைப் பற்றி நான் சொன்னதில் பொய்யில்லை. ஹெட்லைட் இரண்டும் வயிற்றுவலி வந்த ஆள்போல மங்கி, பம்பருக்கு முன்னால் கொஞ்சம் மஞ்சளைக் கொட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டன. மக்காச்சோளம் அறுத்த நேரம். ரோட்டில் பாதியைக் காயப்போட்ட சோளத்துக்குக் கொடுத்துவிட்டு, யாரும் ஏற்றிவிடக் கூடாதென்று சுற்றிலும் கல் வைத்திருந்தார்கள். கார் ஏறினால் சோளத்துக்கு ஒன்றும் ஆகாது, காருக்குத்தான் ஆகும் என்கிற அளவுக்குக் கல். நான் ஒவ்வொரு கல்லையும் தேடித் தேடிப் போனேன். பால்கேன் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"பாத்தியா? லைட்டு இல்லாம எப்படி ஓட்டறது?" என்றேன்.

"அவருக்கு லைட்டே இல்லீங்க" என்றாள்.

மறுநாள் பெரம்பலூர் போனேன். அங்கே கார்களுக்கு ஒயரிங் வேலை செய்கிற ஒருவர் இருந்தார். என் ஹெட்லைட்டை எரியவிட்டுப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டார்.

"சார், இதுக்கு ரெண்டு வழி இருக்கு. உள்ள தொடச்சுட்டு சாதா பல்பு ஒரு ஜோடி மாத்தித் தரேன், செலவு கம்மி. இல்லன்னா ஹாலஜன். தனி ஒயரிங், ரிலே எல்லாம் வச்சு ஜம்முன்னு பண்ணித் தரேன். பாடாலூர்ல லைட்டப் போட்டீங்கன்னா திருச்சில தெரியும்."

"எதிர்ல வரவனுக்குக் கண்ணு கூசாதா?"

"கூசட்டும் சார். அவன் மட்டும் நமக்குப் பாத்தா போடறான்?"

ஹாலஜனின் விலையைச் சொன்னார். அதற்கு இரண்டு டயர் வாங்கிவிடலாம், வண்டிக்கு டயரும் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் என் கணக்கு வேறு. சாதா பல்பு போட்டால் அரை மணியில் வேலை முடிந்துவிடும், அன்றைக்கே இருட்டில் ஓட்டச் சொல்வார்கள். விலை கூடின சாமானாக இருந்தால் நாலு பேரைக் கேட்கலாம், யோசிக்கலாம், ஆறப்போடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

கேட்பதற்கு அரியலூரில் ஆளா இல்லை? டீக்கடையில் ஒருவர் பேட்டரி செத்துப்போகும் என்றார். ஒருவர் கண்ணாடி உருகிவிடும் என்றார். ஒருவர், லைட்டில் மேல்பாதிக்குக் கறுப்பு ஒட்டாவிட்டால் போலீஸ் பிடிப்பார்கள், ஒட்டினால் பாதி வெளிச்சம் போய்விடும், பாதி வெளிச்சத்துக்கு முழுக்காசு எதற்கு என்று கேட்டார். இவர்களில் யாரிடமும் கார் இல்லை. அதனால்தான் இவ்வளவு தெளிவாகப் பேச முடிந்தது. நான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஆளுக்கு ஒரு பயத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வாரம் முடிய இரண்டு நாள் இருந்தபோது மனைவி கேட்டாள்.

"என்னங்க, இன்னும் யோசிக்கிறீங்களா?"

"அவ்ளோ காசு போட்டு வாங்கறோம். அது பெறுமான்னு பாக்கணும்ல?"

"எது? லைட்டா, என் வேலையா?"

அன்றைக்கு மத்தியானமே பெரம்பலூர் போய் ஹாலஜன் மாட்டிக்கொண்டு வந்தேன். ஒயரிங் ஆள் சட்டத்தை மதித்து மேல்பாதிக்குக் கறுப்பும் ஒட்டிக் கொடுத்தார். பட்டப்பகலில் சுவரைப் பார்த்து லைட்டை எரியவிட்டார். சுவர் தெரிந்தது. பிரமாதம் என்றேன்.

இனி தப்பிக்க வழியில்லை என்று இருந்தபோதுதான் என் மாமியார் வந்து சேர்ந்தார். மகளுக்கு வேலை வந்த சந்தோஷத்தில் உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்தார்.

"மாப்ள, புதுசா ஒண்ணு வாங்கிட்டு பூச போடாம ரோட்டுல எறக்கலாமா?"

"பல்பு மட்டுந்தான் அத்த மாத்தியிருக்கு."

"பல்புன்னு லேசாச் சொல்றீங்க. இந்தக் காசுல உங்க மாமா ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருப்பாரு."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பட்டர் பானெட்டில் சந்தனம் வைத்து, பூவைச் சாத்தி, கற்பூரம் காட்டினார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மாமியாருக்கு மனசு ஆறவில்லை.

"புதுசா வந்தது லைட்டு. பொட்டு இன்ஜின் மூடிக்கு வச்சா எப்படி?"

இலையில் மீந்திருந்த சந்தனத்தையெல்லாம் வழித்து எடுத்தார். இரண்டு ஹெட்லைட்டுக்கும் கறுப்புக்குக் கீழே இருந்த இடம் முழுக்க, வாய்க்கால் வரப்புக்கு மண் பூசுவதுபோல அழுத்திப் பூசினார். நடுவில் அகலமாகக் குங்குமம். எட்டி நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் லட்சணமா இருக்கு. தொடச்சுடாதீங்க மாப்ள, அதுவா உதுரணும்" என்றார்.

எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. தெய்வமே குறுக்கே நிற்கும்போது மனுஷன் என்ன செய்வான்? அன்று பூராவும் வெயில் அடித்தது. சாயங்காலத்துக்குள் சந்தனம் ஓடுபோல இறுகிவிட்டது.

ஏழு மணிக்கு மறுபடி கிளம்பினோம். பக்கத்தில் மனைவி. பின்சீட்டில் மாமியார், தான் பூசிய லைட்டின் பெருமையைப் பார்க்க. சுவிட்சைப் போட்டேன். மேலே சட்டம் மறைத்தது, கீழே பக்தி மறைத்தது. நடுவில் ஒரு நூல் இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஹாலஜன் சூட்டில் சந்தனம் வறுபடுகிற வாசனை கார் முழுக்கப் பரவியது.

"கோயிலுக்குள்ள இருக்கற மாதிரியே இருக்குல்ல?" என்றார் மாமியார்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வந்தது. நான் ஓரம் கட்டி நிறுத்தினேன். அது போனதும் கிளம்பினேன். அடுத்த லாரி. மறுபடி ஓரம். இப்படியே நின்று நின்று போனதில், மூன்றாவது லாரிக்காரர் எங்கள் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"என்னண்ணே, பிரேக்டவுனா? கயிறு இருக்கு, கட்டி இழுக்கட்டுமா?"

"இல்லப்பா, சும்மாதான் நிக்கிறோம்."

"நடுக்காட்டுலயா? பொம்பளைங்கள வச்சுக்கிட்டா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போய் இரண்டு லைட்டிலும் ஊற்றினாள். சுடுகண்ணாடியில் தண்ணீர் பட்டு ஆவி கிளம்பியது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு சந்தனத்தைச் சுரண்டித் துடைக்க ஆரம்பித்தாள்.

"அடியே, சாமி காரியம்டி! தொடைக்காதடி!" என்று பின்சீட்டிலிருந்து சத்தம்.

"சாமிக்கு ரோடு தெரியும்மா. இவருக்குத் தெரிய வேணாமா?"

கண்ணாடி வெடிக்காமல் இருந்ததற்கு மாமியார் பெருமாளைக் காரணம் சொன்னார். நான் ஒயரிங் ஆளின் சாமான் தரம் என்றேன். மனைவி சேறான முந்தானையை உதறிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"இப்பப் போடுங்க."

போட்டேன். கறுப்பு ஒட்டியிருந்தும் ரோடு விளக்குக் கட்டிய கல்யாண மண்டபம்போல விரிந்தது. சோளக்குவியல் தெரிந்தது. சுற்றி வைத்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. புளியமரம், அதன் அடியில் படுத்திருந்த நாய், பள்ளம், பள்ளத்துக்குள் இருந்த குட்டிப் பள்ளம் எல்லாம் தெரிந்தன. காசு வீண்போகவில்லை.

"தெரியுதா?" என்றாள் மனைவி.

"நல்லாத் தெரியுது."

"அப்ப ஓட்டுங்க."

ஓட்டினேன். முன்பு இருட்டு என்ற ஒரே ஒரு பயம்தான் இருந்தது. இப்போது அது நாயாகவும் கல்லாகவும் பள்ளமாகவும் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. ஸ்பீடோமீட்டர் முள் முந்தின தடவை நின்ற இடத்திலேயே நின்றது. தூரத்தில் ஒரு லாரியின் வெளிச்சம் தெரிந்ததும் என் கால் தானாக பிரேக்கைத் தேடியது. கார் ஓரம் போய் நின்றது. லாரி திரும்பி வேறு ரோட்டில் போய்விட்டது. நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.

"மாப்ள, எதுக்கு நிக்கிறோம்?" என்று மாமியார் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

பேட்டரி, கண்ணாடி, போலீஸ் என்று டீக்கடையில் வாங்கி வைத்திருந்த எதுவும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. மனைவி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "திருப்புங்க, வூட்டுக்குப் போகலாம்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து உத்தரவை எடுத்தாள். வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நான் சேரப்போறேன்" என்றாள்.

"நான்தான் வரேன்னு சொல்றேன்ல? இன்னும் ரெண்டு நாள் ஓட்டிப் பழகுனா..."

"நீங்க வர வேணாம். வண்டி மட்டும் வரட்டும்."

வேலையில் சேர்ந்த கையோடு, லீவு நாட்களில் போய்ப் பழக பெரம்பலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். அது முடிகிற வரைக்கும், அந்தக் கிராமத்திலேயே கூட வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் வீட்டில் தங்கிக்கொண்டாள். நான் இங்கே மாமியார் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, எந்த நேரத்தில் எது பூசப்படுமோ என்று காரைக் காவல் காத்தேன். லைசென்ஸ் வந்தது. பகலில் கொஞ்ச நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினாள். நான் ஓயாமல் பிரேக், பிரேக் என்று கத்தியதால் இறக்கிவிட்டுவிட்டாள்.

டூட்டி முடிந்து அவள் தனியாக ஓட்டிக்கொண்டு வந்த முதல் நாள், கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுத் தெருமுனையில் நின்றேன். காற்று வாங்க நிற்பதாக, கேட்டவர்களிடம் சொன்னேன். தெரு திரும்புகிற இடத்தில் முதலில் வெளிச்சம்தான் வந்தது. எங்கள் தெருவில் இத்தனை வீட்டுச் சுவர் வெடித்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிரே நின்ற என்னைப் பார்த்து டிம் அடித்துவிட்டு, கார் நிதானமாக என்னைத் தாண்டிப்போய் வாசலில் நின்றது. பின்னாலேயே ஓடினேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. லாரிக்காரங்கல்லாம் டிம் பண்ணாங்க" என்று சொல்லிக்கொண்டே படியேறிப்போனாள். பாதிப் படியில் திரும்பினாள்.

"ஐயோ, லைட்ட அணைக்க மறந்துட்டேன். கொஞ்சம் அணைச்சுட்டு வாங்களேன்."

போய் அணைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது.