அரை வரி அத்தை

எங்கள் ஊரில் அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வைக்க வீட்டுக்கு வீடு வரி உண்டு. தலைக்கட்டு வரி என்போம். ஆம்பளை இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு, முழு வரி. புருஷன் இறந்துபோன வீட்டுக்கு அரை வரி. இரக்கப்பட்டுச் செய்த ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அரை வரி என்பதற்காகப் பிரசாதம் குறையாது, திருநீறு குறையாது. ஊர்க் கூட்டத்தில் பேச்சு மட்டும் கிடையாது. பரவைக்கு மேற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அரை வரி.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. முழுப் பரீட்சையும் பொங்கலும் சேர்ந்தாற்போல வந்து நிற்கும். படிப்பதா, சாமி கும்பிடுவதா என்று வீட்டுக்கும் கோயிலுக்குமாக அலைவேன். அந்த வருஷம் அத்தைக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மன் வரும் சப்பரம் திரும்ப இடம் போதவில்லை, அத்தையின் கத்தரித் தோட்டத்து ஓரத்தில் ஒரு துண்டை எடுத்துப் பாதையை அகலமாக்கலாம் என்று ஊரில் பேச்சு. கிணற்றிலிருந்து தோட்டத்துக்குப் போகிற வாய்க்கால் அந்தத் துண்டில்தான் இருந்தது. அது போனால் செடிக்குத் தண்ணீர் இல்லை. பாதைக்கு எதிர்ப்பக்கம் முள் மண்டிய புறம்போக்கு சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் எடுங்கள் என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வழியில்லை.

ஒரு சாயங்காலம், மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகிற காயில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார் அத்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அமெரிக்காவில் மக்களாட்சி எப்படி வந்தது என்கிற பாடத்தைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்து ராஜா. இந்தப் பக்கம் பதின்மூன்று குடியேற்றங்கள். ராஜாவின் சபை இவர்களுக்கு வரி போட்டது. அந்தச் சபையில் எங்கள் பிரதிநிதி இல்லாமல் எங்களுக்கு எப்படி வரி போடலாம் என்று இவர்கள் கிளம்பினார்கள்.

"நில்லு. பிரதிநிதின்னா?"

"நமக்காகப் பேசுற ஆளு அத்தை."

"அதத் திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன். கப்பலில் வந்த தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அதற்குப் புத்தகத்தில் தேநீர் விருந்து என்று பேர்.

"கொட்டிப்புட்டு என்னத்த விருந்து? நல்ல தூளா?"

அது புத்தகத்தில் இல்லை. பிறகு ராஜா வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது, எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று சொன்னது, சண்டை போட்டு ஜெயித்தது, தங்களை ஆள்கிறவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தது எல்லாம் சொன்னேன்.

"எல்லாருமா? பொம்பளையாளுமா?"

"மக்கள்னு போட்டிருக்கு அத்தை. மக்கள்னா எல்லாருந்தான?"

அத்தை எழுந்து உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போனார். என்னாலும் உட்கார முடியவில்லை. "நீங்களும் வரி தரமாட்டேன்னு சொல்லிருங்க" என்றேன்.

"வாயக் கழுவு. அவுக ராஜாவுக்கு இல்லேன்னாக. நான் ஆத்தாளுக்கா இல்லேன்னு சொல்ல?"

கூட்டத்தன்று கோயில் முன்னால் தகரக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மதிலோரம் நின்றோம். ஊர்ப் பெரியவர் எனக்குப் பெரியப்பா முறை. அத்தை நேரே போய் அவர் கையில் வரியைக் கொடுத்தார்.

"என்னத்தா, கூட இருக்கு?"

"கூட இல்லண்ணே. முழு வரி."

"ஒனக்கு அரைதான? மிச்சத்த உண்டியல்ல போட்ரு, புண்ணியமாப் போகும்."

"உண்டியல்ல போட்டா ஆத்தாளுக்கு. இது ஊருக்கு. முழுசா வாங்கிக்கிட்டு எனக்கும் பேச்சுக் குடுங்க."

பின்னாலிருந்து ஒருவர், "அக்கா எலெக்சன்ல நிக்கப் போகுது மாப்ள" என்றார்.

"நின்னா ஒன் ஓட்டு எனக்கு வேணாம்ப்பா. ஒம் பொண்டாட்டி ஓட்டுப் போதும்" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

மதிலோரத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. பெரியப்பாவுக்குத்தான் சங்கடம். அம்மன் பேரைச் சொல்லி வந்ததைத் திருப்பித் தரவும் முடியாது, வாங்கினால் பேச்சுக் கொடுக்க வேண்டும். கோயிலைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"சரித்தா, முழு வரியாவே இருக்கட்டும். தலைக்கட்டுன்னா ஒரு ஆம்பளை வேணும்ல. ஒங்க அண்ணன் இருக்கான். ஒனக்காக அவன் பேசட்டும்."

எனக்குக் கை தட்டத் தோன்றியது. நமக்காகப் பேசுகிற ஆள். பாடத்தில் படித்த அதே பிரதிநிதி.

அப்பா எழுந்தார். கூட்டத்தில் அதுவரை வாய் திறக்காதவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி தோளிலேயே போட்டார். தங்கையைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "ஊரு என்ன முடிவு பண்ணுதோ, அதுக்கு நாங்க கட்டுப்படுறோம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். துண்டு நிலம் பாதைக்கு என்று முடிவானது. அடுத்து மேளக்காரர் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பல வருஷம் கழித்து, கல்லூரியில் வரலாறு படித்த என் மகள் சொன்னாள். அந்தத் தேசத்திலும் ஆரம்பத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் ஓட்டு இல்லையாம். அடிமைகளை எண்ணும்போது முழு ஆளாகக்கூட எண்ணவில்லையாம். உங்களுக்கும் சேர்த்துப் பேச இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்றுதான் ராஜா பக்கத்தாரும் முதலில் சமாதானம் சொன்னார்களாம். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சப்பரம் இன்றும் அந்தப் பாதையில்தான் வருகிறது, நானும் அங்கே நின்றுதான் கும்பிடுகிறேன். ஆனால் கண் மூடி நிற்க முடிவதில்லை. வாய்க்கால் ஓடிய இடம் எது என்று கண் தரையில் தேடும்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும். கூட்டம் கலையும் முன்பே அத்தை கிளம்பிவிட்டார். பின்னாலேயே ஓடினேன். "அத்தை, நமக்கு ஆள் கெடச்சாச்சு, பாடத்துல உள்ள மாதிரியே" என்றேன்.

"ஆமாத்தா" என்றார் அத்தை.

நேரே தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். மடை மடையாகத் திறந்துவிட்டுக்கொண்டே போனார். செடிகளின் அடியில் மண் ஈரமாகத்தான் இருந்தது. அத்தை மறந்துவிட்டார் போல என்று நினைத்து, "காலையிலயே பாய்ச்சியாச்சு அத்தை, காலையிலயே பாய்ச்சியாச்சு" என்று வரப்பில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.